சித்தியின் நீலத் திட்டுகள்

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் இயங்கத் தொடங்கிய காலத்தில் பாவாடை சட்டையோடு திரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த வருஷத்துக் காற்றை நான் விளக்க வேண்டியதில்லை. கடற்கரைக்காரர்கள் கச்சான் என்று சொல்லும் மேல்காற்று. உப்பளத்து மண்ணையும் துறைமுகத்தில் இறக்கிய கந்தகத் தூளையும் வாரிக்கொண்டு வந்து சோற்றில் போடும். கதவுக்குக் கொக்கி போட்டால் ஜன்னல் அடித்துக்கொள்ளும். ஜன்னலைக் கட்டினால் கொல்லைப் படல் அடித்துக்கொள்ளும். அன்று எங்கள் வீட்டில் யாரும் ஓரிடத்தில் உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை.

எனக்குப் பத்து வயது. அப்பா ஆசிரியர். ராமநாதபுரம் பக்கம் மாற்றலாகி, லீவுக்கு மட்டும் வருவார். அதனால் எங்கள் வீட்டில் எதற்கும் பெரிய மாமா வைத்ததுதான் சட்டம். அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன் அவர். சாத்தான்குளத்தில் தலைமையாசிரியர். பேசும்போது பாதி இங்கிலீஷ் வரும். கோபம் வந்தால் முழுக்கத் தமிழாகிவிடும்.

சித்தி அம்மாவுக்குப் பத்து வயது இளையவள். கப்பல் கம்பெனி ஆபீஸ் ஒன்றில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் சும்மா இருக்காது. என் முதுகில் டைப் அடித்து, என்ன எழுதினேன் சொல்லு என்பாள். அங்கேதான் சித்தப்பாவைப் பார்த்துப் பிடித்துப்போனது. சித்தப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நம் ஆட்கள்தான், நம் சபைதான். ஆனாலும் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவர், சத்தமாகச் சிரிக்கிறவர். மாமாவுக்கு மனசே இல்லை. சித்தி பிடிவாதமாக நின்று கட்டிக்கொண்டாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, துறைமுகக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள்.

குவார்ட்டர்ஸில் வருவது உப்புத் தண்ணீர். தலைக்கு ஊற்ற சித்தி எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். சனிக்கிழமைகளில் நான் செம்பில் மொண்டு ஊற்ற, அம்மா சீயக்காய் தேய்ப்பாள். அப்படி ஒரு சனிக்கிழமைதான் அம்மாவின் கை திடீரென்று நின்றது.

"என்னளா இது?"

சித்தியின் மேல்கையில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு நீலத் திட்டு. ஓரத்தில் பச்சையும் மஞ்சளும் கலந்து கிடந்தது. எனக்குக் கிளிஞ்சலின் உள்பக்கம் ஞாபகம் வந்தது. அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

"எங்கயாவது இடிச்சிருப்பேன்க்கா."

"எங்க?"

"தெரியலயே. பஸ்ஸுலயா இருக்கும்."

அம்மா பாவாடையைக் கொஞ்சம் ஒதுக்கிப் பார்த்தாள். தொடையில் இன்னொன்று.

"அவன் கை வச்சானா?"

சித்தி சிரித்தாள். "அவுகளா? எறும்பக்கூட ஊதித்தான் விடுவாக. நல்லாக் கேட்ட போ."

அம்மா சிரிக்கவில்லை. தண்ணீர் ஊற்றச் சொல்லி என்னைப் பார்த்து அதட்டினாள்.

இன்று யோசித்தால் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் தெருவில் 'இடிச்சுக்கிட்டேன்' என்று சொன்ன பெண்கள் அத்தனை பேரும் அடிபட்டவர்கள்தான். பக்கத்து வீட்டு டீச்சர் அம்மா உட்பட. பொய் சொல்லுகிறவளும் உண்மை சொல்லுகிறவளும் ஒரே வார்த்தையைச் சொன்னால், கேட்கிறவள் எதை வைத்துப் பிரித்தறிவாள்?

அடுத்த வாரம் சித்தி வரும்போது ஒரு கண்ணின் வெள்ளைவிழியில் ரத்தம் கட்டியிருந்தது. அம்மா அன்றே தபாலாபீசுக்குப் போய் சாத்தான்குளத்துக்கு டிரங்க் கால் போட்டாள். அந்த மரக்கூண்டுக்குள் நின்று ஊருக்கே கேட்கும்படி கத்திப் பேசுவாளே, அந்த அம்மாவுக்கு அன்று சத்தமே வரவில்லை. "நீ வா அண்ணே, நேர்ல சொல்லுதேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மாமா வந்தார். வாடகைக் காரில் எல்லோரும் குவார்ட்டர்ஸுக்குப் போனோம். வீட்டில் விட ஆள் இல்லாததால் நானும்.

சித்தப்பா ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். அன்றைக்குக் கந்தகக் கப்பல். தலைமயிர், புருவம், காது மடல் எல்லாம் மஞ்சள். எங்களைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்தார்.

"ஏலே, எந்தங்கச்சி மேல கை நீட்டுனியா?" என்றார் மாமா, நின்றபடியே.

"என்ன மச்சான் சொல்லுதிய?"

"மச்சான்னு கூப்பிடாத. கேட்டதுக்குப் பதில் சொல்லுல."

"அவள ஒரு அதட்டு அதட்டுனது கெடையாது மச்சான். அவ இங்கனதான நிக்கா, அவளயே கேளுங்க."

சித்தி அடுக்களை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "அண்ணே, அவுக ஒண்ணும் செய்யல. தானா வருது. காலைல எந்திரிச்சாப் புதுசா ஒண்ணு இருக்கு."

"தானா வருதா? யாருட்ட கத விடுத?"

எல்லோரும் சித்தப்பாவின் கைகளைப் பார்த்தோம். கிரேன் பிடிகளை இழுத்து இழுத்துக் காய்ப்பு ஏறிய பெரிய கைகள். நாங்கள் பார்ப்பது தெரிந்ததும் அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அதுவே அன்று குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. மாமா சித்தியின் பெட்டியை எடுக்கச் சொன்னார். சித்தி மறுத்துப் பார்த்தாள். அழுதாள். பிறகு எதிர்த்து நிற்கத் தெம்பில்லாதவள் போலக் காரில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அது கோபமோ வருத்தமோ இல்லை, நடக்கவே சக்தியில்லாத சோர்வு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகு சித்தப்பா தினமும் ஷிப்ட் முடிந்து எங்கள் தெருவுக்கு வருவார். எதிர்ப்புறம் சைக்கிள் கடை. அதன் வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருப்பார். காற்று அவர் சட்டையை ஊதி முதுகில் மூட்டை வைத்தது போல ஆக்கும். வீட்டுக்குள் சித்தி கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடப்பாள். அம்மா ஜன்னலைச் சாத்துவாள். சித்தி திறப்பாள்.

சாயங்காலம் ஆனால் சித்திக்குக் காய்ச்சல் வந்தது. உடம்புச் சூடு என்று அம்மா இளநீர் கொடுத்தாள். மாதவிலக்கு ரத்தம் நிற்கவில்லை என்று அம்மாவும் பக்கத்து வீட்டு டீச்சர் அம்மாவும் ஏதோ கிசுகிசுத்தார்கள். 'கலைஞ்சிருக்கும்' என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. எதுவானாலும் பழி சித்தப்பா மேல்தான் போய் விழுந்தது. ஈறில் ரத்தம் கசிந்தது. சொத்தைப் பல்தான் காரணம் என்று பல் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் பிடுங்கிவிட்டுப் பஞ்சைக் கடிக்கச் சொல்லி அனுப்பினார்.

ரத்தம் நிற்கவில்லை. மறுநாள் மத்தியானமும் சித்தி பஞ்சை மாற்றிக்கொண்டிருந்தாள். நான்தான் பஞ்சை உருட்டிக் கொடுத்தேன். வெண்கலப் பாத்திரத்தில் துப்பிய ரத்தம் கட்டியாகாமல் தண்ணீர் போலவே கிடந்தது. அம்மா ஈரத்துணியால் கழுத்தைத் துடைக்க ஜாக்கெட்டைத் தளர்த்தினாள். தோளிலும் முதுகிலும் புதிதாக நீலத் திட்டுகள். அவற்றைச் சுற்றிக் குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகள், கேழ்வரகு சிதறினாற்போல.

சித்தி பஞ்சை எடுத்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். குரல் குழறியது. "இங்கன என்னைய யாருக்கா அடிச்சா?"

 அம்மா அப்படியே எழுந்து, கையில் ரத்தத் துணியோடு, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினாள். சித்தப்பாவுக்கு அன்று ராத்திரி ஷிப்ட் போலிருக்கிறது, பகலிலேயே எதிரில் நின்றிருந்தார். "தம்பி! உள்ள வாங்க தம்பி! எம்புள்ளைக்கு என்னமோ ஆவுது!" என்று அம்மா கூவியது காற்றில் கிழிந்து கிழிந்து கேட்டது.

அவர் வந்தார்.  சித்தியைக் கையில் தூக்கிக்கொண்டு ரிக்ஷாவில் ஏறினார். அந்தக் கைகளைத்தான் நாங்கள் அன்று அப்படிப் பார்த்தோம்.

ஊரில் வயதான லேடி டாக்டர் ஒருவர் இருந்தார். தன் கிளினிக்கின் பின்னறையில் மைக்ராஸ்கோப் வைத்திருந்தார். சித்தியின் விரலில் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் போட்டு, தானே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். வெளியே பெஞ்சில் அம்மா, சித்தப்பா, நான். மாமாவுக்குத் தந்தி போயிருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் அவரும் வந்து சேர்ந்துவிட்டார். வந்தவர் உட்காராமல் நடந்தார். சித்தப்பாவும் எழுந்து நடந்தார். குறுகலான வராண்டா, இரண்டு பேரும் எதிரெதிரே வரும்போது ஒருவர் சுவரோடு ஒதுங்க வேண்டும். ஒதுங்கினது மாமாதான்.

டாக்டர் வெளியே வந்து சித்தப்பாவிடம் பேசினார். மாமாவிடம் அல்ல.

"வெள்ளையணு தெரியும்லா? அது முத்தாம, பிஞ்சாவே கோடிக்கணக்கா பெருகுது. ரத்தத்துல புத்துநோய். அதுலயும் இது ரொம்ப அபூர்வமான வகை. அணுக்குள்ள குறுணை குறுணையா கெடக்கு, ஊசி மாதிரி குச்சிகளும் கெடக்கு. அந்தக் குறுணை வெளிய சிந்துனா ரத்தம் உறையாது. அதான் இந்த நீலம். நான் இத நேர்ல பாக்கது இதான் முதல் தடவ."

"அப்ப யாரும் அடிச்சதில்லயா?" என்று அம்மா கேட்டாள். தெரிந்துகொண்டே கேட்டாள். யாராவது உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது போல.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தொட்டாலே கன்னிப்போற உடம்பு இது. எத்தன நாளா வச்சிருந்திய? சரி, அது போகட்டும். வேலூருக்குப் போங்க. நாளைக்குன்னு தள்ளாதீய. இன்னைக்கு."

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாகர்கோவிலில் ஒரு வைத்தியர், நாடி பார்ப்பார், என்றார். சித்தப்பா முதல் முறையாக அவரை வெட்டிப் பேசினார். "அண்ணாச்சி, ஒங்க பேச்ச ஒருவாட்டி கேட்டாச்சு." மச்சான் என்று அவர் கூப்பிடவில்லை.

வேலூரில் குழந்தைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். நான் வராண்டாத் தூணைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பெரிய தலைமையாசிரியரின் மருமகள் பள்ளிக்கூடத்துக்கு இத்தனை நாள் மட்டம் போட்டதை யாரும் கவனிக்கவில்லை. இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். ஊர் டாக்டர் சொன்னது சரிதான் என்று அங்கேயும் சொன்னார்கள். புதிதாக ஒரு மருந்து வெளிநாட்டிலிருந்து வந்திருந்தது. நல்ல சிவப்பு. ரத்தம் கொட்டிச் சாகப்போகிறவளுக்குச் சிவப்பிலேயே மருந்தா என்று அம்மா முணுமுணுத்தாள். மருந்து ஏறின அன்று சித்திக்கு மூத்திரம் சிவப்பாகப் போனது. அவள் போட்ட சத்தத்தில் நான் வராண்டாவிலிருந்து வார்டு வாசலுக்கு ஓடினேன். "பயப்படாதம்மா, மருந்துதான் எறங்குது" என்று நர்ஸ் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மருந்து கெட்ட அணுவை மட்டுமல்ல, நல்லதையும் சேர்த்துக் கொல்லும் என்று எங்களுக்கு விளக்கினார் ஓர் இளம் டாக்டர். மறுபடி நல்லது முளைக்கிற வரைக்கும் புது ரத்தம் ஏற்றி ஏற்றிக் காப்பாற்ற வேண்டும். இப்போது பிளாஸ்டிக் பையில் தொங்குகிறதே, அன்று கண்ணாடிப் பாட்டில். கவிழ்த்து மாட்டியிருப்பார்கள். உள்ளே காற்றுக் குமிழி ஒவ்வொன்றாக ஏறும். ஜன்னல் வழியாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாமாவின் ரத்தம் சித்திக்குச் சேரவில்லை. சேராது என்று சொன்னதும் அவர் இன்னொரு தடவை பரிசோதிக்கச் சொல்லிச் சண்டை போட்டார். சித்தப்பாவினுடையது சேர்ந்தது. கொடுத்தார். ஒரே ஆளிடம் எத்தனை முறை எடுப்பார்கள்? துறைமுகத்துக்கு டிரங்க் கால் போட்டார். கிரேன்காரர்களும் சுமை இறக்குகிறவர்களும் லீவு சொல்லிவிட்டு ரயிலேறி வந்தார்கள். வராண்டாவில் வரிசையாகக் குந்தியிருந்து, "ஏலே, ஊசின்னா ஒனக்குத்தான் பயம்" என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள். அவர்களிடமிருந்து மீனும் கந்தகமும் பீடியும் கலந்த வாசனை. எனக்கு ஊருக்குப் போக வேண்டும் போல இருந்தது.

சித்தியின் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வாயெல்லாம் புண். காய்ச்சல் ஏறி, ஒரு வாரம் அம்மாவையே அடையாளம் தெரியவில்லை. அப்புறம், யாரும் எதிர்பார்க்காமல், காய்ச்சல் இறங்கியது. ஒரு நாள் காலையில் பல் தேய்த்துவிட்டுத் துப்பினாள். வெள்ளையாகத் துப்பினாள். அம்மா அந்தப் பாத்திரத்தை வராண்டாவுக்குத் தூக்கி வந்து எனக்குக் காட்டினாள், என்னவோ வைரம் காட்டுகிறவளைப் போல.

ஆனால் இன்னொரு சுற்றுக்கு அதே மருந்து வேண்டும், கையிருப்பு தீர்ந்துவிட்டது, கப்பலில் வரக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். சித்தப்பா சித்தியை விட்டு நகர முடியாது. மாமா மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு எதுவும் சொல்லாமல் ரயிலேறினார். நாகர்கோவில் வைத்தியரைக் கூட்டிவரப் போகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

பிற்பாடு கிரேன்காரர்கள் சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. மாமா துறைமுக வாசலில் போய் நின்று, சித்தப்பாவின் கூட்டாளிகளிடம், தான் பெயர்கூடக் கேட்காத அந்த ஆட்களிடம், உள்ளே அழைத்துப்போகச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். மடிப்புக் கலையாத வேட்டியோடு, ஆடும் ஏணியில் தொற்றிக் கப்பல் கப்பலாக ஏறியிருக்கிறார். அவருடைய இங்கிலீஷ் அதுவரை பிள்ளைகளைத் திட்டத்தான் பயன்பட்டது. இப்போது போலந்துக்காரனிடமும் கிரேக்கனிடமும் மருந்துப் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பலர் கையை விரித்தார்கள். சிங்கப்பூர் போய்த் திரும்பும் கப்பலில் ஓர் அதிகாரி, தன் தங்கைக்கும் இப்படி ஒன்று வந்தது என்று சொல்லி, தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாராம். வாங்கியும் வந்தார். தங்கை என்ன ஆனாள் என்று மாமா கேட்கவில்லையாம். கேட்கப் பயமாக இருந்ததாம்.

மாமா வேலூருக்கு வந்து இறங்கியபோது நான் வராண்டாவில் இருந்தேன். ஒரு டப்பாவை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தார். முகத்தில் கரி, வேட்டியில் கிரீஸ் கறை. நேராக சித்தப்பாவிடம் போனார். டப்பாவைக் கொடுத்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். 

"மாப்ள, நீங்க சாப்ட்டீங்களா?"

"இல்ல மச்சான்."

"வாங்க. எனக்கும் பசிக்கு."

இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடைக்கு நடந்துபோனார்கள். மன்னிப்பு என்று ஒன்று எங்கள் குடும்பத்தில் கேட்கப்பட்டதென்றால் அவ்வளவுதான்.

மழைக்காலம் தொடங்கும்போது சித்தியைக் கூட்டிப்போகலாம் என்றார்கள். "குணமாயிட்டான்னு சொல்ல மாட்டேன். நோய் ஒதுங்கி நிக்குது. எவ்வளவு நாள்னு தெரியாது" என்றார் இளம் டாக்டர். தூத்துக்குடி ஸ்டேஷனில் மாமா கார் ஏற்பாடு செய்திருந்தார், எங்கள் வீட்டுக்குப் போக. மொட்டைத் தலையில் முக்காடு போட்ட சித்தி, "நான் எங்க வீட்டுக்குப் போறேன் அண்ணே" என்றாள்.  மாமா அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரின் கதவைத் திறந்தார். டிரைவரிடம், "குவார்ட்டர்ஸுக்கு விடுப்பா" என்றார்.

அடுத்த வருஷம் முழுவதும் சித்தி இருந்தாள். முடி சுருள் சுருளாக முளைத்தது. பாதி நாள் ஆபீசுக்கும் போனாள். எங்கள் வீட்டுக்குத் தலைக்கு ஊற்ற வரும்போதெல்லாம் அம்மா அவள் உடம்பைத் தேடுவாள். "போதும்க்கா, போலீஸ்காரன் மாதிரி" என்று சித்தி கையைத் தட்டிவிடுவாள். பிறகு ஒரு காலையில் தலை வலிக்கிறது என்றாள். சாயங்காலத்துக்குள் நினைவு தப்பியது. மூளையில் ரத்தம். வேலூர் வரைக்கும் போக நேரமில்லை. கல்லறைத் தோட்டத்தில் சித்தப்பாவை ஒரு பக்கம் மாமாதான் தாங்கிப் பிடித்திருந்தார்.

அன்றைய பெரியவர்களில் இன்று இருப்பது சித்தப்பா மட்டும். சில வருஷம் கழித்து, மாமாவே பெண் பார்த்து, அவருக்கு இரண்டாம் கல்யாணம் செய்துவைத்தார். அந்தச் சித்தியும் எங்களுக்குச் சித்திதான். பேரன் பேத்திகளோடு தூத்துக்குடியில்தான் இருக்கிறார்கள்.

சென்ற வருஷம் நான் இருக்கும் தெருவில் ஒரு கல்லூரிப் பெண்ணுக்குக் கையில் நீலத் திட்டு வந்தது. அதே நோய்.  ஆனால் அவளுக்கு முடிகூட உதிரவில்லை. வைட்டமின் ஏ வழியில் வந்த ஏதோ ஒரு கேப்சூலாம், கூடவே ஒரு டிரிப்பாம். ரத்தப் புற்றுகளிலேயே இன்று அதிகம் குணமாவது இந்த வகைதான் என்று அவள் டாக்டர் சொன்னாராம். இப்போது ஸ்கூட்டரில் பறக்கிறாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதைப் போனில் சொல்லக்கூடாது என்று தோன்றி, பஸ் ஏறி சித்தப்பாவிடம் போனேன்.

சொன்னேன். அவர் காதில் மெஷினைச் சரிசெய்துகொண்டு கேட்டார். திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"கேப்சூலா?"

"ஆமா சித்தப்பா. வாயில போட்டு முழுங்குறதுதான்."

அவர் முகத்தில் கவலை வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தார், ஜன்னல் வரை போனார், திரும்பினார்.

"அவளுக்கு மாத்திர முழுங்க வராதே. தொண்டையில நிக்கும். வாழப்பழத்துக்குள்ள வச்சுத்தான் குடுக்கணும்."

நான் இரண்டாவது சித்தியைப் பார்த்தேன். காப்பித் தம்ளரை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்த அவள், கணவரைப் பார்த்துச் சொன்னாள்:

"கோழிக்கூடு பழமா வாங்குங்க. அதுதான் வழுக்கிட்டு எறங்கும்."